ஜெரால்டின் ஏன் ஜெயிக்கிறாள்?

ஜூலை வந்தபோது நார்பர்ட் குஸ்மின்ஸ்கியின் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் வியாழக்கிழமை ஆனால் போதும், ஜெரால்டின் பாவ்லக்கின் பார்லருக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

"இன்னிக்கு என்னத்தடா வெட்டறது, காதையா?" என்றாள் ஜெரால்டின்.

"புருவத்தைக் கொஞ்சம் சரி பண்ணேன்."

புருவம் போயிற்று. அடுத்த வாரம் நகத்தை நீட்டினான். அவள் நகத்தை ராவி, மினுமினுவென்று ஏதோ பூசி அனுப்பினாள். மறுநாள் ஒரு பண்ணைக்காரரின் கொட்டகைக் கூரைமேல் நின்றுகொண்டு, அந்த நகங்களால் விரிசலைச் சுட்டிக்காட்டி, "இது காற்றால வந்தது இல்லைங்க" என்று இவன் சொன்னபோது, அந்த மனுஷர் கூரையைப் பார்க்கவே இல்லையாம். விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நார்பர்ட்டுக்கு அமெரிக்காவின் ஈரி நகரத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. பனிப் பாரத்தில் கூரை சரிந்தால், குழாய் உறைந்து வெடித்தால், போய்ப் பார்த்துக் காரணம் எழுதித் தருவான். "காரணம் இல்லாம ஒரு ஆணிகூடக் கழலாது" என்பது அவன் வேதவாக்கு. நானும் அவனும் ஜெரால்டினும் ஒரே மாதா கோவில் பள்ளியில் படித்தவர்கள். இப்போது நான் தபால்காரன். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து கற்பனை பேஸ்பால் ஆடுகிறோம். மார்ச் மாதம் போலிஷ் சங்கக் கூடத்தில் உட்கார்ந்து, பெரிய அணிகளில் நிஜமாக ஆடுகிறவர்களில் ஆளுக்கொரு குழுவைப் பொறுக்கிக்கொள்வோம். அவர்கள் மைதானத்தில் அடிப்பதும் வீசுவதும் கணினியில் எங்களுக்குப் புள்ளிகளாக ஏறும். நடுவில் ஒருவருக்கொருவர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குக் கோப்பை. கோப்பை என்றால், பாடம் செய்து பலகையில் அறைந்த ஒரு ஏரி மீன். அதன் தலையில் குட்டித் தொப்பி ஒன்றை ஒட்டியிருக்கிறோம்.

அந்த மீன் வருடக்கணக்காக ஜெரால்டினின் பார்லரில், முடி உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நார்பர்ட் எப்போதும் இரண்டாவது, இல்லாவிட்டால் மூன்றாவது. நானெல்லாம் எட்டாவது வந்து நிம்மதியாக இருக்கிறவன். ஆனால் நார்பர்ட்டுக்கு அது ஒரு விபத்து மாதிரி. விபத்து நடந்தால் காரணம் இருந்தே ஆகவேண்டும்.

முதலில் இடம்தான் காரணம் என்றான். ஆள் பொறுக்கும் நாளில் ஜெரால்டின் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். அடுத்த வருடம் இவன் விடிந்ததுமே போய் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அவள் போய்க் கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்தாள். ஜெயித்தாள்.

பிறகு சாப்பாடு. பொறுக்கத் தொடங்குமுன் அவள் ஒரு தட்டு பியரோகி சாப்பிடுவதை இவன் கவனித்துவிட்டான். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்து வெண்ணெயில் புரட்டிய அந்தக் கொழுக்கட்டைகளை இவன் இரண்டு தட்டு உள்ளே தள்ளினான். மூன்றாம் சுற்றில் தூங்கிப்போனான். முறை வந்தும் ஆள் பதில் சொல்லாததால் கணினியே அவனுக்காக ஒரு பந்து வீச்சாளரைப் பொறுக்கிக் கொடுத்தது. அந்த வீச்சாளர் குளிர்காலத்திலேயே ஓய்வு பெற்று, அரிசோனாவில் கார் விற்கப் போய்விட்டாராம்.

அப்புறம்தான் பார்லர் சந்தேகம் வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் தலையைக் கொடுக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது ஒரு அண்ணன் மருமகன் ஏதாவது அணியில் துணி துவைக்கிறவனாக இருப்பான். எவனுக்குத் தோள் வலி, எவனுக்கு முட்டி வீக்கம் என்ற செய்தியெல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். இப்படி முடிவு கட்டித்தான் வியாழக்கிழமை தவம் தொடங்கியது. ஒரு கோடை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டான். மூன்று கல்யாணப் பேச்சு முறிந்தது தெரியவந்தது. ஒரு பாதிரியாரின் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று தெரியவந்தது. பேஸ்பால் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டான்.

"ஜெரால்டின், நிஜத்தைச் சொல்லு. எப்படிடி ஜெயிக்கிறே?"

"நீ குடுக்கறே, நான் வாங்கிக்கறேன்."

நார்பர்ட் அதை என்னிடம் வந்து சொன்னான். "பாரு, எவ்வளவு அழுத்தக்காரி! வாயைத் திறக்கவே மாட்டேங்கறா."

பிப்ரவரியில் அவன் எல்லோரையும் சங்கக் கூடத்துக்குக் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் நாள். சுவரில் போர்வையைக் கட்டி, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கருவியால் அதில் படம் காட்டினான். விபத்து அறிக்கை எழுதிப் பழகிய கை. முதல் தலைப்பு: 'சேதத்தின் தன்மை.' இரண்டாவது: 'சேதம் நிகழ்ந்தபோது நிலவிய வானிலை.' ஜெரால்டினும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, வறுத்த மீனைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஜெயித்த வருடங்களின் புள்ளிகளையெல்லாம் பிரித்து ஒரு பெரிய வட்டமாகப் போட்டிருந்தான். ஆள் பொறுக்கும் நாளில் அவள் எடுத்தவர்களால் வந்தது ஒரு துண்டு, நீல நிறம். நடுவில் சும்மா கிடந்தவர்களை எடுத்துப்போட்டதால் வந்தது ஒரு கீற்று, பச்சை. மிச்சம் பாதி வட்டத்துக்குமேல் சாம்பல் நிறம். அதில் 'மற்றவை' என்று எழுதியிருந்தது. அதைக் கடந்து அவன் பார்லரின் வரைபடத்துக்குப் போகப் பார்த்தான்.

"நில்லு நார்பர்ட்" என்றாள் அவன் மனைவி லொரெய்ன். "அந்த மத்ததுல என்ன இருக்கு?"

"அது பலதும் இருக்கும்மா. ஆள் மாத்தினதுல வந்தது."

"யாரு யாரு? படி."

நார்பர்ட் படித்தான். "மில்வாக்கி மட்டையாளர். நாப்பது ஹோம் ரன்."

"அவன் அவகிட்ட எப்படி வந்தான்?"

"நான்தான் குடுத்தேன். அவனுக்குக் கால் கட்டைவிரல்ல ஏதோ கோளாறுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு."

"அடுத்தது?"

"ஹூஸ்டன் பந்து வீச்சாளர்." கொஞ்சம் தயங்கினான். "அவனுக்கு விவாகரத்து நடக்கப்போவுதுன்னு படிச்சேன். மனசு உடைஞ்சா பந்து வளையாதுன்னு…"

"உடைஞ்சுதா?"

"இருபது ஆட்டம் ஜெயிச்சான்."

இப்போது அவன் ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் கூடம் முழுக்க ஒரே குரலில் "யாரு குடுத்தா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. இவன் "நான்" என்பான். பெயர், "யாரு குடுத்தா?", "நான்." கோவிலில் ஜெபமாலை சொல்வது போலவே இருந்தது. சமையலறையிலிருந்து வறுக்கிற பெண்களும் கரண்டியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். அவன் ஆராய ஆராயப் பயம் கூடும். பயம் கூடினால் நல்ல ஆளை யார் தலையிலாவது கட்டிவிடத் தோன்றும். அந்த நேரத்தில் போனை எடுத்துப் பேசக்கூடியவள் ஜெரால்டின் ஒருத்திதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்குத் தெரியாது என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

பெயர்கள் தீர்ந்ததும் அவன் போர்வைக்கு முன்னால் நின்றான். சாம்பல் நிற ஒளி அவன் மொட்டைத் தலைமேல் விழுந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் ஜெரால்டின், பரிதாபப்பட்டு. "நீ குடுக்கறே, நான் வாங்கிக்கறேன்னு."

பின்வரிசையிலிருந்து கிளெம் ஷிமான்ஸ்கி கையைத் தூக்கினார். ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்களில் மூத்தவர், போன வருடம் பத்தாவது. "ஏம்ப்பா நார்பர்ட், இது உன் அஜாக்கிரதையால வந்த சேதம்தானே? அப்ப நஷ்டஈடு கிடையாதுல்ல?"

கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. நார்பர்ட்டும் சிரித்தான் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை; சிரிக்கவில்லை. அவன் தன் தட்டில் ஆறிப்போன மீனைச் சாப்பிட்டான். பிறகு எழுந்து, இனி ஜென்மத்துக்கும் ஜெரால்டினோடு ஆள் மாற்றுவதில்லை என்று மாதா மேல் ஆணையிட்டான். லொரெய்ன் அத்தோடு விடவில்லை. அவன் போனிலிருந்து ஜெரால்டினின் எண்ணையே அழித்துவிட்டாள்.

மார்ச்சில் ஆள் பொறுக்கினோம். ஏப்ரலில் கடைசிப் பனி விழுந்தது. கிளெம் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது மாரடைத்துச் சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். அவர் குழுவை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கணினியில் ஒருவரை நீக்க, 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டத்தை நிரப்பவேண்டும். அதை நிரப்ப யாருக்கும் மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மே மாதம் கிளெம் ஆறாவது இடத்தில் இருந்தார். "நல்ல மனுஷன்" என்றோம். ஜூனில் மூன்றாவதுக்கு வந்தார். அப்போது அவரவர் புள்ளியை மறுபடி கூட்டிப் பார்த்தோம். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்க ஏரிக்கரையில் கூடியிருந்தபோது அவர் முதலிடத்துக்கு வந்துவிட்ட செய்தி போனில் வந்தது.

"செத்தவன்கிட்ட தோக்கறதா?" என்று கத்தினாள் ஜெரால்டின். நார்பர்ட்டின் தானங்கள் நின்றுபோனதால் அவள் ஐந்தாவதில் தள்ளாடிக்கொண்டிருந்தாள். "யாரோ அவர் பேர்ல உள்ள புகுந்து ஆடறாங்க. நார்பர்ட், நீதானே இதெல்லாம் விசாரிக்கிறவன், விசாரிடா!"

நார்பர்ட் முறையாக விசாரித்தான். கிளெமின் குழுவில் ஆள் பொறுக்கிய நாளிலிருந்து ஒரு மாற்றமும் நடக்கவில்லை. யாரும் உள்ளே நுழையவில்லை. அடிபட்டவனும் இல்லை, உட்காரவைக்கப்பட்டவனும் இல்லை. அவர் பொறுக்கியவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் நார்பர்ட் தானும் இரண்டாம் இடத்தில் இருப்பதைக் கவனித்துவிட்டான். ஆணையை மீறாமல் இருக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவனுடைய மட்டையாளன் ஒருவன் தும்மினான் என்று படித்துவிட்டு, மாற்றாமல் இருப்பதற்காக வாசல் புல்லை ஒரே நாளில் மூன்று தடவை வெட்டினான். மண் தெரிந்தது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, கிளெமின் சீயாட்டில் பந்து வீச்சாளர் பதின்மூன்று பேரை அவுட் ஆக்கினார். நார்பர்ட் மறுபடியும் இரண்டாவது.

மீனைக் கிளெமின் மனைவி விஞ்செண்டாவிடம் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. நானும் நார்பர்ட்டும் என் காரில் கொண்டுபோனோம். அந்த அம்மா கதவைத் திறந்து, தொப்பி போட்ட மீனைப் பார்த்து, எங்களைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கிளெம் ஜெயிச்சிட்டாருங்க" என்றேன் நான்.

"எதுல?"

சொன்னோம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்தார். நார்பர்ட் முள்கரண்டியைத் தொடவில்லை. முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அவர் இதை எப்படிச் செஞ்சாரு? ஆள் பொறுக்கினதுக்கு அப்புறம் கையே வைக்கலையே. அது ஏதாவது திட்டமா?"

"திட்டமா? அவருக்குக் கடவுச்சொல் மறந்துபோச்சுப்பா. ரெண்டு வருஷமாச்சு. உங்ககிட்ட கேக்க வெக்கம். சங்கக் கூடத்துல வந்து பொறுக்குவாரு, அத்தோட சரி. வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டியைத் தொடவே மாட்டாரு."

நார்பர்ட் முன்னால் குனிந்தான். "போன வருஷமும் தொடலையா?"

"தொடலை."

"போன வருஷம் அவர் பத்தாவது வந்தாரு."

"அப்படியா? பை சாப்பிடுப்பா, ஆறுது."

மீனை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கிளெம் பிடித்த மீன்களே கார் கொட்டகைச் சுவர் முழுக்க இருக்கின்றன, இன்னொன்றுக்கு ஆணி அடிக்க இடமில்லை என்றார். நார்பர்ட் அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தான். நான் வண்டியை எடுத்தேன். வெகுதூரம் அவன் மீனின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அப்படி அவனை நான் பார்த்ததில்லை. கூரை, குழாய், சுவர் என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுத்தவன்.

"ஒரே ஆளு" என்றான் கடைசியில். "ஒரே மாதிரி பொறுக்கறாரு. ஒரே மாதிரி கை வைக்காம விடறாரு. ஒரு வருஷம் கடைசி, ஒரு வருஷம் முதல். அப்ப காரணமே இல்லைங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலையேடா."

"இல்ல, அப்படித்தானே ஆவுது?"

"ஆனா என்ன? சிலது சும்மா நடக்கும். விடு."

விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்து ஏரிக் காற்றை வாங்கினான். மீனின் தொப்பியை நேராக்கினான். துறைமுகச் சாலையில் சிவப்பு விளக்குக்காக நின்றோம். பச்சை விழுந்தது.

"யோவ்" என்றான் நார்பர்ட், என் தோளைப் பிடித்து. "போன வருஷம் கிளெம் தாடி வச்சிருந்தாரா?"

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் வண்டியை நகர்த்தினேன். நார்பர்ட் திரும்பி, நாங்கள் வந்த வழியை, விஞ்செண்டாவின் வீட்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.