உம்

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, அறுந்துபோன கேசட் நாடா ஒன்றை ஒட்டியது. அவர் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டார், நான் ஒட்டினேன். "இன்ஜினியரம்மா, வயசானது எனக்கு. நீ ஏன் கோணலா ஒட்டுற?" என்றார். நான்கு நாள் கழித்து, காலையில் நடக்கக் கிளம்பியவர் வாசலிலேயே சரிந்தார். மாரடைப்பு.

அப்பா ஜீப் ஓட்டுநர். மலைக்காட்டில் பூர்வகுடி மக்களோடு தங்கி ஆராய்ச்சி செய்த ஓர் அம்மையாருக்கு வண்டி ஓட்டினார். காத்திருந்த நேரத்தில் அவர்கள் பேச்சு அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது. ஓட்டுநரே மொழிபெயர்ப்பாளரானார். பாட்டும் கதையும் பதிவு செய்யுமுன் வீடு வீடாக அனுமதி கேட்டார்கள். எல்லா வீட்டிலும் "உம்" என்றார்கள். அப்பா படிவத்தில் 'சம்மதம்' என்று எழுதினார். இருபத்துமூன்று வீடு, வீட்டுக்கு ஒரு கேசட். எல்லாம் ஒரு காப்பகத்துக்குப் போயின. யாரும் போய்க் கேட்கலாம்.

ஓய்வு பெற்றபின், பழகிய முகங்களைப் பார்க்க மேலே போனார். ஒரு வீட்டில் முக்காலியைக் காட்டி, எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். வீட்டுக்காரி "உம்" என்றாள். எடுத்து உட்கார்ந்தார். அவள் சிரித்தாள்.

"நீ பேசினது காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன். எடுத்துக்கோன்னா சொன்னேன்?"

அவர்கள் மொழியில் சம்மதம் என்றால், கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'உம்' என்பது வெறுமனே உம் கொட்டுவது.

அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "நான் உம்னு சொன்னதை வெச்சுத்தானே என்னையும் கட்டிக்கிட்டீங்க" என்று அம்மா சீண்டியதற்கும் சிரிக்கவில்லை. அம்மையாருக்கு நடந்ததை எழுதினார். அவர் எல்லா கேசட்டுகளையும் காப்பகத்திலிருந்து எடுத்து அப்பாவுக்கே அனுப்பினார்: மறுபடி சம்மதம் கேளுங்கள்.

கேட்டார். காப்பகத்தில் வைத்துக்கொள்ளவா என்றதற்குப் பதினைந்து வீட்டில் 'வைத்துக்கொள்' என்றார்கள். ஏழு வீட்டில் 'திருப்பிக் கொடு' என்றார்கள், கொடுத்தார். யாராவது திட்டினார்களா என்று கேட்டேன். "ஒரு வீட்ல, இப்பவாவது உனக்குக் காது கேட்டுச்சேன்னாங்க." அன்றுதான் சிரித்தார்.

கடைசி வீடு முக்காலிக்காரியுடையது. தன் தாய் இறந்த அன்று அவள் பாடிய பாட்டு அந்தக் கேசட்டில். போட்டதும் பாதியில் அறுந்தது.

"ஒட்டிக் கொண்டா. முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாளாம்.

நாடாவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒட்டிய இடத்தில் அரை நொடி சத்தமில்லை. பிறகு குரல் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது மூன்றே சொற்கள்: வைத்துக்கொள், திருப்பிக் கொடு, உம்.

படிவமும் பையில் இருக்கிறது. இருபத்துமூன்றாவது வரியில் 'சம்மதம்' என்பதை அப்பா அடித்துவிட்டு, எதிரே எழுத இடம் விட்டிருக்கிறார்.