விட்டுப்போன ரெண்டு பக்கம்

கதைன்னாலே எனக்கு இப்பல்லாம் கொட்டாவிதான் வருது. பன்னிரண்டு வருஷமா ஒலிநூல் பதிவு பண்ற இடத்துல வேலை. கண்ணாடி அறைக்குள்ள ஒருத்தர் உக்காந்து புத்தகத்தை வாசிப்பார். வெளியில நான் அதைப் பதிவு பண்ணி, இருமல், திக்கல், திரும்ப வாசிச்சது எல்லாத்தையும் வெட்டி எறியணும். எனக்குக் கதைங்கறது கம்ப்யூட்டர் திரையில ஓடுற பச்சைக் கோடு, அவ்வளவுதான். லீவு நாள்ல சினிமாவுக்குப் போனா, ஏசி காத்து மேல பட்டதுமே தூங்கிடுவேன். டிக்கெட் வாங்கித் தூங்குற ஒரே ஆள் நீதான்னு வீட்டுல மானத்தை வாங்குவாங்க.

என் கதை கிடக்கட்டும். சொல்ல வந்தது அக்காவைப் பத்தி. கூடப் பிறந்தவங்க இல்ல, ஆபீஸ்ல எல்லாருக்குமே அவங்க அக்காதான். நான் வெட்டி முடிச்ச பதிவை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே, புத்தகத்தை முன்னாடி விரிச்சு, வரிக்கு வரி பென்சிலை ஓட்டிச் சரிபார்க்கறது அவங்க வேலை. ஒரு சொல் விட்டுப்போனாலும் ஓரத்துல சுழிச்சிடுவாங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறதும்பாங்களே, அதை நேர்ல பார்க்கணும்னா அக்காவைப் பார்க்கணும். ஒன்பது வருஷத்துல ஒரு புகார் வந்ததில்ல.

அவங்க வீட்டுக்கு ரெண்டு மூணு தடவை போயிருக்கேன். ரெண்டே ரூம். முன் ரூம்ல வீட்டுக்காரர், பஸ் டிப்போவில மெக்கானிக், டி.வி.யில படம் ஓடவிட்டு, அடுத்து யார் அடி வாங்கப் போறான்னு முன்கூட்டியே சொல்லிக்கிட்டிருப்பார். பின் ரூம்ல காலேஜ் படிக்கிற பொண்ணு குப்புறப் படுத்து நாவல் படிச்சுக்கிட்டிருக்கும். அக்கா ரெண்டுலயும் சேர மாட்டாங்க. படம் பார்க்க உக்காந்தா, உதட்டசைவும் வசனமும் ஒத்துப்போகுதான்னு கண்ணு அங்கயே போயிடுமாம். பொண்ணோட நாவலை எடுத்தா கை பென்சிலைத் தேடுமாம். ஒரு நாள் பொண்ணு கேட்டிருக்கு, இத்தனை புத்தகம் பார்த்தியே, உனக்குப் பிடிச்சது எதும்மான்னு. எதுல தப்பு அதிகம்னு வேணா சொல்றேன்னாங்களாம் அக்கா. இதை என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அன்னிக்கு மதியம் டப்பாவைத் திறந்து, சாப்பிடாம அப்படியே மூடி வெச்சாங்க.

போன மழைக்காலத்துல ஒரு நாவல் வந்துச்சு. படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிற ஒருத்தி. இருபது வருஷம் முன்னாடி சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டுப் போன தங்கச்சி, ஒரு நாள் சாயங்காலம் படகுல வந்து அவ முன்னாடி இறங்குறா. வாசிச்சவர் ஒரு பழைய நாடக நடிகர். குரலுக்காக நாங்க வெச்ச பேரு வெண்கலம். அன்னிக்கு வெண்கலத்துக்குச் சளி. அந்தக் கட்டத்தை மூணு தடவை வாசிச்சார். மூணையும் வெட்டி ஒட்டறதுக்குள்ள எனக்கு மண்டை காய்ஞ்சுபோச்சு. அந்த எரிச்சல்ல, வேண்டாத வாசிப்போட சேர்த்து வேண்டிய ரெண்டு பக்கத்தையும் அழிச்சுத் தொலைச்சுட்டேன். அழிச்சது எனக்கே தெரியலை.

அக்கா அந்தத் தப்பைப் பிடிச்சிருக்கணும். பிடிக்கலை. பதிவு வெளியாகி ஒரு மாசம் கழிச்சு, கேட்டவங்க எழுத ஆரம்பிச்சாங்க: தங்கச்சி ஏன் வீட்டை விட்டுப் போனான்னு சொல்லவே இல்லையே, நடுவுல ஏதோ காணோமே. நாவலை எழுதினவரும் போன்ல கத்தினார். முதலாளி எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். ஹெட்போன்ல கோளாறுன்னு சொல்லிடுங்கக்கான்னு வழியெல்லாம் கெஞ்சினேன். அழிச்சது நான்தான் சார்னு உள்ள போய் முதல்ல நானே ஒப்புக்கவும் செஞ்சேன். கை தவறும்னுதானே அவங்களை வெச்சிருக்கேன்னார் மனுஷன். அதுவும் நியாயம்தான்.

"எப்படிம்மா விட்டீங்க?"

"கதை கேட்டுட்டேன் சார்."

முதலாளிக்குப் புரியலை. அக்கா நிதானமா சொன்னாங்க. அந்த இடம் வந்ததும் கண்ணு தானா மூடிக்கிச்சாம். புத்தகம் மடியில கிடந்துச்சாம். கதையில அக்காவும் தங்கச்சியும் எதிரும் புதிருமா நிக்கறாங்க, அடுத்த வரியில ரெண்டு பேரும் வீட்டுக்கு நடக்கறாங்க. ஏன் போனேன்னு இவ கேக்கலை, அவளும் சொல்லலை. "எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன் சார். அழுதுட்டேன்."

அவங்க அழுதது என் கைத்தவறுக்கு. எனக்கு எங்க பார்க்கறதுன்னே தெரியலை.

முதலாளி கெட்டவர் இல்ல, அவருக்கும் ஆயிரம் தலைவலி. வேலையை விட்டுத் தூக்கலை. இனி பணி நேரத்தில் கதை கேட்க மாட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒலிநூல் ஆபீஸ்ல இப்படி ஒரு தாள். வேற நேரமா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

வெளியில வந்ததும் அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. திரும்பப் பதிவு பண்ற ரெண்டு பக்கத்தை வேற யாராவது சரிபார்க்கக் கூடாதா தம்பின்னு. அவ ஏன் போனான்னு தெரிஞ்சுக்க வேணாமாம். ஒன்பது வருஷத்துல கதையா மனசுல தங்கினது அது ஒண்ணுதான், அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமேன்னாங்க. வீட்டுல பொண்ணுகிட்ட அப்பவே அதைச் சொல்லியிருக்காங்க. எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு கிடைச்சிடுச்சுன்னு சொன்னாங்களாம். நான் முதலாளிகிட்டப் போய்க் கேட்டுப் பார்த்தேன். இன்னொரு ஆளுக்கு எங்க போறதுன்னார்.

வெண்கலம் வந்தார். சளி தேறியிருந்துச்சு. ஒரே மூச்சுல வாசிச்சு முடிச்சார். அன்னிக்கு வெட்ட வேண்டியது ஒண்ணுமே இல்ல. அக்கா ஹெட்போனை மாட்டி, பென்சிலைச் சீவி, கண்ணை அகல விரிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. எட்டு நிமிஷம். தங்கச்சி காரணத்தை எல்லாம் விலாவாரியா சொல்றா, இவளும் பதிலுக்குப் பேசறா, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழறாங்க. அக்கா முகத்துல ஒரு அசைவு இல்ல. பென்சில் ஒவ்வொரு வரிக்கும் அடியில நகர்ந்துக்கிட்டே போச்சு. கடைசி வரியில சின்னதா ஒரு டிக் போட்டாங்க.

"சரியா இருக்கு தம்பி. சேர்த்துடு."

எனக்குத் தாங்கலை. அந்த ரெண்டு பக்கத்தை மறுபடி எடுத்துட்டுப் பழையபடியே உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு பண்ணித் தரேன்க்கா, அரை நிமிஷ வேலை, வீட்டுல வெச்சுக் கேளுங்கன்னு சொன்னேன்.

அக்கா ஹெட்போனைக் கழட்டிக் காதைத் தேய்ச்சு விட்டுக்கிட்டாங்க.

"வேணாம்ப்பா. ஏன் போனான்னு இப்பதான் தெரிஞ்சுபோச்சே."

அடுத்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை விரிச்சாங்க. நான் பதிவை ஓடவிட்டேன்.