இடது பக்கத்து சீட்டு

எங்கள் வண்டியில் டிரைவருக்கு இடது பக்கம் உட்காருகிற ஆள் நான்தான். தம்பிக்குக் கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் அந்த இடம் என்னை விட்டுப் போனது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எரியவில்லை என்று சொல்ல நான் என்ன சாமியாரா?

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் எங்களுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. தம்பி மெக்கானிக், நான் வெல்டர். இஞ்சின் செத்துப்போன பழைய பிக்கப் வண்டி ஒன்றைக் காயலான் கடையிலிருந்து இழுத்து வந்தோம். விபத்தில் நொறுங்கிய ஒரு காரின் பெட்ரோல் இஞ்சினை அதில் இறக்கி, டர்போவும் மாட்டினோம். சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பு தொடங்குவதற்குள் அது நெல் மூட்டை இழுக்க வேண்டும். அதுதான் எங்கள் திட்டம். எங்கள் என்றால் நானும் தம்பியும்.

கார் இஞ்சினுக்கு லாரி பாரம் தெரியாது. எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாக லேப்டாப்பில் திருத்த வேண்டும். சரியா தப்பா என்று சொல்வது வைட்பேண்ட் சென்சார். அது சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையை மோப்பம் பிடிக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று டேஷ்போர்டு மீட்டரில் நம்பர் காட்டும். சும்மா ஓடும்போது பதினாலரைப் பக்கம் இருக்கலாம். பாரத்தோடு மேடு ஏறினால் பன்னிரண்டரைப் பக்கம் வர வேண்டும். அங்கே பதினைந்து காட்டினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், பிஸ்டன் உருகிவிடும். பத்துக்கு இறங்கினால் கரும்புகை, பெட்ரோல் தண்டம்.

ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும். அதனால் பக்கத்தில் ஒருவன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்து நம்பர் சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நான். சென்சாருக்குக் குழாயில் ஓட்டை போட்டு நட்டு வெல்டிங் வைத்ததும் நான்.

சீயமங்கலம் போகிற ரோட்டில் ஒருநாள் வளைவுகளில் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு போனதில் எனக்குக் குமட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பாதி கதவு மேல். தம்பி வீட்டில் போய் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். புதுப்பெண் சிரிக்கவில்லை. "மாமாவுக்கு முடியலன்னா நான் வேணா பாக்கறேங்க" என்றாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முன்னால் இருப்பது ஒரே நீள சீட்டு. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நானும் காலை வைத்தேன். அம்மா வாசலிலிருந்தே கத்தினாள்.

"தம்பி பொண்டாட்டிய இடிச்சிக்கினு ஒக்காரப் போறியா? ஊரு சிரிக்கும்டா."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"பின்னாடி ஏறிக்கோ ண்ணா," என்றான் தம்பி. "எப்படியும் லோடு வேணும்."

மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதன் மேல் நானும் ஒரு மூட்டையாக ஏறினேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். திறந்திருக்கிற பின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரியும், பேச்சும் கேட்கும். முன்னால் இருந்தபோது நான் நம்பரை முழுசாகச் சொல்வேன்: "பன்னெண்டு புள்ளி ஏழு." அவள் "ஏழு" என்பாள். அவ்வளவுதான். அவன் புரிந்துகொள்வான். கொஞ்ச நாளில் "ஏழு"கூட இல்லை. "ம்" என்றால் சரி, "ம்ஹும்" என்றால் சரியில்லை. நடுநடுவே சிரிப்பு. பெட்ரோல் நம்பரில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அவன் ஒரு தடவைகூட சிரித்ததில்லை.

வண்டியும் நன்றாக இழுக்க ஆரம்பித்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏன்யா, உன் தம்பிய கட்டிக்கினது அவளா, நீயா?"

"வாய மூடு."

"இல்ல, மொகத்தப் பாத்தா சக்களத்தி வந்தவ மாதிரி இருக்குது. அதான் கேட்டேன்."

பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினேன்.

எப்படியாவது அவள் சொல்கிற நம்பர் பொய் என்று காட்ட வேண்டும். யோசித்தேன். குழாயில் சென்சாருக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். இல்லாத காற்றை இருப்பதாக மீட்டர் காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினால் எல்லாமே தப்பாகும். ஷெட்டில் எல்லார் எதிரிலும் சொன்னேன்.

"குழா லீக்காவுது. மீட்டரு தப்பா காட்டுது. இவ்ளோ நாளு பண்ணதெல்லாம் வேஸ்ட்டு."

"எங்க லீக்கு?"

"வெல்டிங்ல."

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உன் வெல்டிங்லயா?"

வேறு வழியில்லை. "ஆமா, என் வெல்டிங்லதான்."

தம்பி பொண்டாட்டி மக்கில் சோப்புத் தண்ணீர் கலக்கினாள். தம்பி குழாய் வாயைத் துணியால் அடைத்து, கம்ப்ரஸரில் காற்று விட்டான். அவள் குனிந்து வெல்டிங் முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். ஓட்டை இருந்தால் சோப்பு முட்டை விட வேண்டும். நான் தரையில் படுத்தே பார்த்தேன். ஒரு முட்டைகூட வரவில்லை.

"சூப்பரா அடிச்சிருக்கீங்க மாமா," என்றாள்.

என் வேலையை ஒருத்தர் பாராட்டி எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

ஆடி வந்தது. அவளுடைய அம்மா, அப்பா சீர்வரிசைத் தட்டோடு வந்து பெண்ணைத் தங்கள் ஊர் மண்டகப்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டது நான்தான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வருகிற வழியில் மெடிக்கலில் வாந்தி மாத்திரை வாங்கினேன்.

மறுநாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் சீட்டில் உட்கார்ந்தேன். அறுப்புக்கு முன்னால் பாக்கி இருந்தது ஒன்றுதான்: முழு பாரத்தோடு திருவண்ணாமலை ரோட்டில் கோட்டையைத் தாண்டி மேடு ஏறுவது. தம்பி மிதித்தான். நான் சத்தமாகச் சொன்னேன்.

"பதிமூணு புள்ளி ரெண்டு... பதிமூணு புள்ளி..."

"ரெண்டுன்னா போதும்ண்ணா. நீ முழுசா சொல்றதுக்குள்ள மேடே முடிஞ்சிடுது."

அது அவளுடைய பேச்சு.

கீழே வந்து வண்டியைத் திருப்பினான். ஃபோனை எடுத்து வீடியோ கால் போட்டான். என் கையில் கொடுத்தான். "மீட்டருக்கு நேரா புடி ண்ணா. அவ பாத்துக்குவா."

பிடித்தேன். மறுபடியும் மேடு ஏறினோம்.

"மாமா, வெரல கொஞ்சம் நவுத்துங்க. மறைக்குது."

நகர்த்தினேன்.

"இஞ்சின் சுத்து மூவாயிரத்துக்கு மேல போறப்ப பெட்ரோல ஒரு துளி ஏத்துங்க. மத்ததெல்லாம் சரியா இருக்குது."

தம்பி ஓரம் கட்டி லேப்டாப்பில் திருத்தினான். மூன்றாவது தடவை ஏறினோம். பாரம் அத்தனையோடும் மீட்டர் பன்னிரண்டரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. புகை இல்லை. தம்பி ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினான். இத்தனை நாள் வேலை முடிந்தது. அவன் திரும்பிப் பார்த்தது என் பக்கம்தான். ஆனால் என்னை இல்லை, ஃபோனை.

"வண்டிய நேர்ல காட்டணும் அவளுக்கு," என்றான். "அப்படியே மண்டகப்பட்டு போயிட்டு வந்துடலாமா ண்ணா?"

"ஆடில மாமியா வூட்டுக்குப் போவக் கூடாதுடா."

"சும்மா வாசல்ல நிறுத்தி..."

"கூடாதுன்னா கூடாது. பெரியவன் சொல்றேன்."

நான் எந்தச் சாத்திர சம்பிரதாயமும் பார்க்கிறவன் இல்லை. அவனுக்கும் அது தெரியும். வீடியோ கால் இன்னும் கட்டாகவில்லை. என் கையிலிருந்தே அவள் குரல் வந்தது.

"மாமா சொல்றது சரிதாங்க. நீங்க வூட்டுக்குப் போங்க."

கட் செய்தாள். தம்பி வண்டியைச் செஞ்சிப் பக்கம் திருப்பினான். நான் மீட்டரைப் பார்த்து நம்பர் சொல்லிக்கொண்டே வந்தேன். வேலை முடிந்துவிட்டது, யாருக்கும் நம்பர் வேண்டாம். இருந்தாலும் சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

மறுநாள் வண்டி முதல் நெல் லோடு ஏற்றி நின்றது. போய்ப் பார்த்தால் டேஷ்போர்டில் மீட்டருக்கு நேராக ஒரு ஃபோன் ஸ்டாண்டு ஒட்டியிருந்தது. பஜாரில் வாங்கியிருக்கிறான். அதில் அவள் முகம் தெரிந்தது. "வணக்கம் மாமா" என்றாள். தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடது பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது. உட்காரு என்று அவன் சொல்லவில்லை. உட்காராதே என்றும் சொல்லவில்லை.

நான் பின்னால் போய் மூட்டை மேல் ஏறிக்கொண்டேன்.