அய்யா வந்தால் நின்றுபோகும் வண்டி

மோகனூர் சாலையில் ஒரு கல்லூரி. அதன் மைதானத்துக்கு, உட்கார்ந்தபடி ஓட்டிப் புல் வெட்டுகிற பேட்டரி வண்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். நான் லாரி பேட்டரிகளைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன். புல்லுக்கும் எனக்கும் பழக்கம் கிடையாது. பேட்டரி என்ற ஒரு சொல்லுக்காகக் கூப்பிட்டார்கள், போனேன்.

வண்டி ஓட்டுகிற அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். அதே மைதானத்தில் வருடக்கணக்காகக் குத்தவைத்துக் களை பிடுங்கியவர். முட்டி தேய்ந்தபின் இந்த இருக்கை கிடைத்திருந்தது. வண்டி தினமும் நடுவில் நின்றுபோகிறது, இந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை, திங்கட்கிழமை முதல் பஸ் டிரைவர் ஒருவரிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்றார் தாளாளர். அப்புறம் அக்கா மறுபடி களைக்கொத்தைத்தான் எடுக்க வேண்டும்.

சார்ஜ் பார்த்தேன், நிறைந்திருந்தது. டெர்மினலைச் சுரண்டி இறுக்கினேன். பியூஸ் நன்றாக இருந்தது. நானே ஏறி உட்கார்ந்து மூன்று சுற்று வந்தேன். எங்கும் நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை போன் வந்தது. நின்றுவிட்டதாம்.

"நாம்பாட்டுக்கு ஓட்டறப்ப நல்லாத்தான் ஓடுது சாமி," என்றார் அக்கா. "அய்யா வந்தாத்தான் நின்னு போகுது. அதுக்கும் அவரைக் கண்டா பயமாட்ட இருக்குது."

வண்டியின் முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கின. யார் யோசனை என்று நான் கேட்கவில்லை. எங்கள் பட்டறைக்கு வருகிற லாரிக்காரர்களும் அந்த வைத்தியத்தை முடித்த பிறகுதான் வருவார்கள்.

சரி, பார்த்தே விடுவோம் என்று வேப்பமரத்தடியில் டீயோடு உட்கார்ந்தேன். வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தாளாளரின் கார் வாசலில் திரும்பியது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருக்கையிலிருந்து நாலு விரற்கடை எழுந்து, ஒரு கையால் முந்தானையைச் சரிசெய்தார். வண்டி நின்றது.

போய் இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு சுவிட்ச். ஓட்டுகிறவர் எழுந்தால் கத்தி காலில் பட்டுவிடக்கூடாது என்று அது கரண்ட்டை நிறுத்திவிடுகிறது. முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும். மூன்று சுற்றிலும் நான் யாருக்கும் எழவில்லை.

தாளாளரிடம் சொன்னேன். அவர் குனிந்து அந்தச் சுவிட்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அப்ப வண்டியில பழுதே இல்லீங்களா?"

"இல்லீங்க. மரியாதைதானுங்க."

அக்காவை ஏறி ஓட்டச் சொன்னார். வண்டி கிளம்பியதும் கூடவே நடந்துகொண்டு, "ஏம்மா, இனி நான் வந்தா எந்திரிக்க வேண்டாம். உக்காந்தே ஓட்டுங்க," என்றார்.

"சரிங்கய்யா," என்று அக்கா எழுந்து சொன்னார். வண்டி நின்றது.

பஸ் டிரைவர் பேச்சைத் தாளாளர் அதோடு விட்டுவிட்டார். தன் கார் வந்துபோகப் பின்வாசலைத் திறந்து வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனபோது வண்டியில் அக்காதான் இருந்தார். பின்வாசலில் கார் சத்தம் கேட்டது. அக்கா எழவில்லை. உட்கார்ந்தபடியே காலிலிருந்த செருப்பை மட்டும் கழற்றிவிட்டார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.