ஏரோப்ளான் காட்டின் ஒன்பதாவது கட்டம்

எங்கள் ஊர்ப் பழைய விமானத் தளத்தைப் பார்க்கக் கேமரா தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சண்டைக் காலத்துல இங்க குண்டு விழுந்துச்சுங்களா?" இல்லை என்றால் முகம் சுண்டிப்போகிறது. ஆவி, சுரங்கம், புதைத்து வைத்த துப்பாக்கி, ஏதாவது ஒன்று அவர்களுக்கு வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால், வருகிற அத்தனை பேரையும் ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கே திருப்பிவிடுகிறார்கள். எரிச்சலாக வரும். இந்த விமானத் தளத்தில் எனக்குத் தெரிந்து நடந்த சண்டை எனக்கும் என் அண்ணனுக்கும் நடந்ததுதான். அதைக் கேட்க எவனும் வருவதில்லை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், கடத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் மேட்டு நிலத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். கேழ்வரகும் கொள்ளும் விளைந்த காடு. அதைச் சமன்செய்து, கான்கிரீட்டைக் கட்டம் கட்டமாக வார்த்து ஓடுபாதை போட்டார்கள். அப்பா அப்போது சிறு பையன். அவர் பார்த்த விமானங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்பார். போர் முடிந்ததும் சிப்பாய்கள் போனார்கள். தகரக் கொட்டகை போனது, முள்கம்பி போனது, கதவு நிலைகூடப் போனது. கான்கிரீட்டைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஊர் அதற்கு ஏரோப்ளான் காடு என்று பெயர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

என்ன வேலை என்றால், காயப்போடுகிற வேலை. மண்களத்தில் அடித்த கேழ்வரகைக் களியாகக் கிண்டினால் பல்லில் மணல் நறநறக்கும். கான்கிரீட்டில் காய்ந்தது அப்படியில்லை. அதனால் காட்டை ஒட்டியிருந்த ஒவ்வொரு குடும்பமும் தன் வரப்புக்கு எதிரே இருந்த கட்டங்களைப் பிடித்துக்கொண்டது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கொஞ்ச காலத்தில் அது சொத்தாகவே ஆகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் கிணறு எத்தனை, மாடு எத்தனை என்று கேட்டுவிட்டு, "கட்டம் எத்தனைங்க?" என்றும் கேட்பார்கள். அடுத்தவன் கட்டத்தில் ஒரு முறம் புளி காயப்போட வேண்டுமென்றாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். இதெல்லாம் சர்க்கார் இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் குடும்பத்துக்கு ஒன்பது கட்டம். அப்பா போன பிறகு அண்ணனும் நானும் பாகம் பிரித்தோம். நிலம், கிணறு, புளியமரங்கள் எல்லாம் முகம் கோணாமல் பிரிந்தன. கடைசியில் அண்ணன் கட்டங்களையும் பத்திரத்தில் எழுதச் சொன்னான். பத்திரம் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மிலிட்டரி எடத்த நான் எப்பிடிங்க உங்க பேர்ல எழுதறது? என்னையும் சேத்து உள்ள வெச்சிருவாங்க." சரி என்று நாங்களே வாய்ப்பேச்சாக முடிவுசெய்தோம். ஆளுக்கு நான்கு. மிச்சமிருந்த ஒன்பதாவது கட்டம் பொது. அப்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாம். பெரிய மனதுக்காரர்கள் மாதிரிப் பொது என்று சொன்னோம் பாருங்கள், அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம்.

அந்த ஒன்பதாவதுதான் இருப்பதிலேயே நல்ல கட்டம். வெடிப்பு இல்லை, இடுக்கில் புல் இல்லை, வண்டிப் பாதை பக்கத்திலேயே. நான்கைந்து வருஷம் மாறி மாறிப் போட்டோம். அப்புறம் ஒரு கார்த்திகையில், மழை மூட்டத்தோடு நான் டிராக்டரில் கதிர் ஏற்றிக்கொண்டு போனபோது அந்தக் கட்டத்தில் அண்ணனின் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. அது என் முறை. அண்ணனைக் காணவில்லை. அண்ணி மட்டும் இருந்தார். "கொஞ்ச நேரம் பொறுங்க, அவர் சாக்கு எடுத்தாரப் போயிருக்கறாரு" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. துடைப்பத்தை எடுத்து, காய்ந்த தானியத்தைக் கட்டத்திலிருந்து மண்ணில் தள்ளினேன். மொத்தத்தையும் தள்ளினேன். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. என் கதிரும் நனைந்தது. அண்ணி மழையில் குனிந்து, சேற்றிலிருந்து முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் டிராக்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றோடு அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை இல்லை. நான் செய்தது தப்பு. அதை இங்கே எழுத முடிகிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் அவனிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போகலாம் என்று சட்டையை மாட்டுவேன், அப்புறம் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன்.

போன வருஷம் அளவெடுக்கும் கருவியோடு சிலர் வந்தார்கள். மறு வாரம் ஓடுபாதையின் முனையில் ஒரு அறிவிப்பு. இது அரசு நிலம், யாரும் பயன்படுத்தக் கூடாது, வேலி போடப்படும். என்ன வரப்போகிறது என்று கேட்டால் ஒருவர் கிடங்கு என்றார், ஒருவர் மறுபடியும் விமானம் என்றார். ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் தர்மபுரிக்கும் கடத்தூருக்கும் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இது ராணுவத்தின் இடம் என்றார்கள். ராணுவத்துக்குக் கடிதம் போட்டால் எப்போதோ மாநிலத்திடம் கொடுத்தாகிவிட்டது என்று பதில். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், கொடுத்ததற்கு எங்களிடம் காகிதம் இல்லையே என்கிறார்கள். என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் தாலுகா அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இரக்கப்பட்டு வழி சொன்னார். நான்கு பக்கமும் உள்ள நிலக்காரர்கள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், பொதுக்களம் என்று பரிந்துரைக்கலாம். ஒருவர் விட்டுப்போனாலும் ஆட்சேபணை என்று தள்ளிவிடுவார்கள்.

மனுவை நான்தான் எழுதினேன். வாத்தியார் கை சும்மா இருக்குமா? "நாங்கள் அனைவரும் தலைமுறை தலைமுறையாக ஒற்றுமையாக இக்களத்தைப் பயன்படுத்தி வருகிறோம்" என்று ஆரம்பித்தேன். படித்துக் காட்டியபோது ஊரே தலையாட்டியது. எல்லோரும் போட்டார்கள். அண்ணன் ஒருவன்தான் பாக்கி. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். இதைச் சாக்காக வைத்து நானே போகலாம், அன்றைக்குச் செய்ததற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றாமல் போனேன்.

அண்ணன் நாற்காலியில் இருந்தான். என்னைப் பார்த்தான், உள்பக்கம் திரும்பினான். "யாரோ வந்திருக்காங்க பாரு" என்று அண்ணியைக் கூப்பிட்டான். அண்ணி வந்து காகிதத்தை வாங்கி அவன் கையில் கொடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான். முதல் வரியில் விரல் நின்றது.

"இதுல பொய் எழுதியிருக்குது" என்றான் அண்ணியிடம். "ஒற்றுமையான்னு போட்டிருக்குது. எழுதனவங்கள கேளு, எந்த ஒற்றுமைன்னு. நான் பொய்யில கையெழுத்துப் போடமாட்டன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணனும் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டான். இப்போது யோசித்தால் தெரிகிறது, அவன் எனக்கு இடம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்னைக்கி நான் பண்ணது தப்புண்ணா. சொல்ல வேண்டியது இந்த நாலு வார்த்தைதான். பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். "அண்ணி, பேனா இருந்தா குடுங்க" என்றேன். அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டு அடித்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அண்ணியிடம் நீட்டினான். அவன் உள்ளே போனபோது எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. கேவலம்தான், ஆனால் அப்படித்தான் வந்தது.

மறுநாள் எழுத்தர் மனுவைப் புரட்டிவிட்டு, "சார், இங்க அடித்தல் இருக்குதுங்களே" என்றார். "யார் சொல்லி அடிச்சீங்களோ, அவரும் நீங்களும் பக்கத்துல சுருக்கொப்பம் போட்டாத்தான் செல்லும். இல்லன்னா புதுசா எழுதிக்குங்க." புதிதாக எழுதினால் திரும்பவும் ஊர் முழுக்க அலைய வேண்டும். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போக எனக்குக் காரணம் கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி வீட்டில் இல்லை. அண்ணன் மட்டும் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஆள் இல்லாமல் நாங்கள் இருவரும் நின்றோம். நான் மனுவை நீட்டி, அடித்த இடத்தில் ஒப்பம் வேண்டுமாம் என்று மாட்டைப் பார்த்துச் சொன்னேன். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். காகிதத்தையும் பேனாவையும் வாங்கினான். என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எங்க போடணும்?"

ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் என் அண்ணன் என்னிடம் பேசிய பேச்சு அது. சொல்ல வேண்டியதை எல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். அவனும் பேனாவைப் பிடித்தபடி, அவசரப்படாமல் நின்றான். நான் விரலை நீட்டி, "இங்கண்ணா" என்று இடத்தைக் காட்டினேன்.