என் பூச்சியும் மத்தூர் வடையும்

எங்கள் வீட்டில் மெல்லாமல் விழுங்கத் தகுந்தவை இரண்டுதான்: காய்ச்சல் மாத்திரையும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தரும் நற்கருணை அப்பமும். மூன்றாவதாக ராகி முத்தே வந்தது, சித்தியோடு.

சித்தப்பா வேலை செய்த இடத்தில் பார்த்துப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்ட கன்னடப் பெண் சித்தி. ஊர் மத்தூர். பிரேசர் டவுனில் சோறும் பிரெட்டுமாக வளர்ந்த எங்களுக்கு அவள் ராகிக் களியை உருட்டி, முத்தே என்று வைத்ததே அதிசயம். அதைக் கிள்ளி, கீரைச் சாற்றில் தோய்த்து, பல்லே படாமல் உள்ளே அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. நான் ஒரே வாரத்தில் தேறிவிட்டேன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் நான் சித்தியின் ராஜ்ஜியத்தில்தான் இருந்தேன்.

அப்புறம் வயிறு வலிக்க ஆரம்பித்தது. உப்பியது, கடமுடா என்றது, அடிக்கடி கக்கூசுக்கு ஓட வைத்தது. எவ்வளவு தின்றாலும் கை கால் குச்சியாகவே இருந்தன. அல்சூரிலிருந்து அத்தை வந்து என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அத்தை பார்த்துவிட்டால் டாக்டர் பார்த்த மாதிரி.

"பல்லுல மெல்லாம முழுங்குனா என்னா ஆகும்? உருண்ட உருண்டையா குடல்ல உக்காந்துக்கும். புள்ளைய கெடுத்து வெச்சிருக்கா" என்று அப்பாவிடம் சொன்னார். சித்தி அடுப்படியில்தான் நின்றிருந்தாள்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிழைப்பே குடலும் பூச்சியும்தான். அதனால் அடித்துச் சொல்வேன், முத்தேவுக்கும் என் வயிற்றுக்கும் எந்தப் பகையும் இல்லை. கோயில் வளாகத்தில் மண்ணில் விழுந்த கொய்யாவைப் பாவாடையில் துடைத்துத் தின்றவள் நான். பூச்சி முட்டை அப்படி ஏதோ வழியில்தான் போயிருக்கும். பூச்சி வந்து உட்கார்ந்தது தெரிந்ததும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. குடல் வழவழப்பாகச் சளியைச் சுரக்கிறது, தண்ணீரை விடுகிறது, தசையை முறுக்கி வேகமாகத் தள்ளுகிறது. வாசலில் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளுவோமே, அதே வேலைதான். அந்த அவசரத்தில் சாப்பாட்டின் சத்தும் சரியாக உடம்பில் ஒட்டாது. என் வலியிலும் ஓட்டத்திலும் பாதி, குடல் கெட்டுப்போனதால் வந்ததல்ல. அது மும்முரமாக வேலை பார்த்ததால் வந்தது. அத்தையும் அதே வேலையில்தான் இருந்தார். ஆளைத்தான் தப்பாகப் பிடித்தார்.

முத்தே நின்றது. வயிறு நிற்கவில்லை. பிள்ளை தேறுகிற வரைக்கும் சித்தி தாய்வீட்டில் இருக்கட்டும் என்று அத்தை சொன்னார். அப்பா பேப்பரைப் பார்த்தார், சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். எனக்கோ ஒரே சந்தோஷம். மத்தூர் என்றால் வடை. தட்டையாக, மொறுமொறுவென்று, வெங்காயம் மணக்கும் வடை. வரும்போது ஒரு பை நிறைய வேண்டும் என்று சித்தியிடம் சொல்லி வைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் பையைக் கட்டி வைத்திருந்த அன்று காலை, கக்கூசிலிருந்து நான் போட்ட கூச்சலுக்குச் சித்தி ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள். வெள்ளையாக, நீளமாக, ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அவளோ என்னைக் கழுவிவிட்ட கையோடு மொபைலை எடுத்துப் படம் பிடித்தாள். எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. தமிழ் எழுத வராததால் சித்தி அதில் அதுவரை வாயே திறந்ததில்லை. அவள் முதன்முதலாகப் போட்டது என் பூச்சியின் படம். கூட ஒரு வார்த்தை இல்லை.

சாயந்தரம் அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டின் மேல் குற்றமில்லை, கையையும் பழத்தையும் கழுவச் சொல்லுங்கள் என்றார். திரும்பி வந்தபோது சித்தி பையைப் பிரித்து, புடவைகளை மறுபடி பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போகலையா?" என்றேன்.

"இல்ல புட்டி. எங்கயும் போகல" என்றாள். புட்டி என்றால் அவள் கன்னடத்தில் குட்டிப் பெண்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் மானத்தை அல்சூர் வரை அனுப்பியதுமில்லாமல் வடையும் இல்லையா? சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். பெரியவர்களுக்கு வடை மேல் இவ்வளவு ஆசையா என்று அப்போது தோன்றியது.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தி அதைச் சொல்லாமல் விடமாட்டாள். "எல்லாரும் என்னைய அனுப்பப் பாத்தாங்க. நான் போகலன்னு தெரிஞ்சதும் சந்தோஷத்துல அழுதவ இவ ஒருத்திதான்." நான் மறுத்துப் பேசுவதில்லை.

தாய்வீட்டுக்குப் போகிறவள் வடையோடு திரும்பி வருவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிள்ளை தேறுகிற வரைக்கும் என்றார்களே தவிர, எந்த நாளில் திரும்பி வர வேண்டும் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. அதைக் கவனித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.