அவர் கேட்ட புகை

என் கணவர் குடித்த விஸ்கிக்கு நான் வைத்த பெயர் டிஞ்சர். சின்ன வயதில் முழங்கால் உரிந்தால் ஆசுப்பத்திரியில் பூசுவார்களே, அந்த மணமும் ஈர விறகு எரியும் மணமும் கலந்தது அது. கொண்டாட்டங்களில் மற்ற ஆண்கள் சோடா ஊற்றிக் குடிக்கிற சாதாரண விஸ்கியை இவர் தொடமாட்டார். ஸ்கொட்லாந்தின் ஏதோ ஒரு தீவில் செய்த, புகை மணக்கும் சிங்கிள் மோல்ட்தான் வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் ஒரு சின்னக் கிளாஸ், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. அந்த ஒரு கிளாஸையும் நான் வீட்டுக்குள் குடிக்க விட்டதில்லை. பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. மனிதர் மாசி மாதப் பனியிலும் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பின் பல்கனியில் நின்று குடித்துவிட்டு வருவார். குளிர் தாங்காமல் என்றைக்காவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். தடிப்பான கையுறை வாங்கினாரே தவிர விஸ்கியை விடவில்லை.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளக்குவதில் அவருக்கு அலுப்பே வராது. அந்தத் தீவுகளில் மரமில்லாத ஈர வெளிகள் இருக்கின்றனவாம். செத்த புல்லும் பாசியும் உக்கிப் போகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்த மண்ணாகிவிடுமாம். பீட் என்று அதற்குப் பெயர். அதைக் கல் அறுப்பதுபோல அறுத்துக் காயவைத்துக் கொளுத்தி, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். "விஸ்கி இல்லை, புகைதான் மணக்குது. ஒருக்கா மணந்து பாரும்" என்று கிளாஸை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டு வருவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். காலையிலும் பின்னேரமும்தான் வேலை. நடுவில் கிடைக்கிற நேரத்தில் செத்தவீடுகளுக்குப் போவார். தெரிந்தவர், தெரியாதவர் என்றில்லை. தமிழ்ச் சனத்தில் ஒருவர் செத்தார் என்றால் இவர் அங்கே நிற்பார், பெட்டிக்குத் தோள் கொடுப்பார், தேவாரம் பாட ஆளில்லாவிட்டால் பாடுவார். திரும்பி வந்ததும் ஒரே முறைப்பாடுதான்.

"எரிக்கிற பட்டனை, லிஃப்ட் பட்டனை அமத்துற மாதிரி அமத்துறாங்கள். பேந்து எல்லாரும் காரடிக்குப் போறாங்கள். ஒரு மனிசன் போறான், ஒரு புகையாவது தெரியவேண்டாமோ?"

அவருடைய அப்பா ஊரில் செத்தபோது இவருக்கு இங்கே இன்னும் விசா சரிவரவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. கொள்ளி வைத்தது வேறு யாரோ. தொலைபேசியில் செத்தவீடு எப்படி நடந்தது, எவ்வளவு சனம் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. "புகை நல்லா எழும்பினதோ?" என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

லண்டனில் ஒரு சொந்தக்காரக் கலியாணத்துக்குப் போனபோதுதான் என்னை ஸ்கொட்லாந்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் சேலைக் கடைகளுக்குப் போகவேண்டும் என்று மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ரயில், கப்பல், பிறகு ஒரு சின்ன பஸ் என்று கடைசியில் ஒரு வெட்டவெளியில் கொண்டுபோய் இறக்கினார். அங்கிருந்து சேற்றுப் பாதையில் நடக்கவேண்டும். மழை மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து அடித்தது. ஆடுகள் எங்களைப் பார்த்துவிட்டு மேயத் தொடங்கின.

வட்டமாக நட்ட கற்கள், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தியவை என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். நான் கோபுர உயரத்தில் எதையோ எதிர்பார்த்தேன். ஓரிடத்தில் ஆளைவிட உயரமான சிவப்புக் கற்கள் சில நின்றன. கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம்; அதிலிருந்த கற்கள் படுத்திருக்கும் மாட்டின் அளவுதான்.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றேன்.

அவர் அந்த மழையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. கற்களுக்கு நடுவே தோண்டியபோது மண் பானையில் எரிந்த மனித எலும்புகள் கிடைத்தன என்று அதில் எழுதியிருந்தது. அவர்கள் யார், என்ன மொழி பேசினார்கள், எதைக் கும்பிட்டார்கள், ஒருவருக்கும் தெரியாது.

"இவையளும் எரிச்சவைதான், பாரும்" என்றார். கற்களுக்குக் கிட்டப் போய் ஒவ்வொன்றிலும் கையை வைத்துப் பார்த்தார். நான் சுற்றிவரப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மறைக்க ஒன்றுமில்லை. இங்கே ஒருவரை எரித்திருந்தால் அந்தப் புகையைக் கடலில் நின்றவர்கள்கூடக் கண்டிருப்பார்கள்.

வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அவர் கேட்டார். "நான்தான் முதல் போவன். எனக்குப் புகை வரவேணும். நீர்தான் பாக்கவேணும்."

எனக்கு முழங்கால்வரை நனைந்திருந்தது. "ஓம், ஓம், வரும். இப்ப வாங்கோ, பஸ் போகப்போகுது" என்றேன்.

அவர் அதை நம்பிவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பொறுப்பான ஒருத்தியிடம் ஒப்படைத்த காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். செத்தவீடுகளிலிருந்து வந்தும் பட்டனைப் பற்றி முறைப்பாடு சொல்வது நின்றுபோயிற்று.

போன பங்குனியில் ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஆசுப்பத்திரிக்குப் போனோம். ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று நான் அழுததைவிட யோசித்தது கூட. புகைக்கு எங்கே போவேன்?

தகனச்சாலை மண்டபத்தில் கறுப்புக் கோட் போட்ட ஒரு இளம் ஆள் என்னையும் மகளையும் இருத்தி எல்லாம் விளக்கினார். நான் கார்டரியில், வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தில், வேலை செய்தவள். என் பிரெஞ்சு, சின்னப் பிள்ளைகளிடம் பசிக்கிறதா, நித்திரை வருகிறதா என்று கேட்க மட்டும்தான் காணும். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, புகை வருமா என்று கேட்டேன். அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இல்லை மடாம், ஒரு பொட்டும் வராது. நீங்கள் ஒன்றும் பார்க்கமாட்டீர்கள்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அந்தப் பிள்ளை சொன்னது. விறகில் எரிக்கிற இடம் நகரத்துக்கு வெளியிலாவது உண்டா என்று கேட்டேன். அவர் என் மகளைப் பார்த்தார்.

"அம்மா, இஞ்ச அப்பிடி ஏலாது. ப்ளீஸ், விடுங்கோ" என்றாள் மகள். அவளுடைய முகம் வீங்கிப் போயிருந்தது. அவரை ஊருக்குக் கொண்டுபோவோமா என்று கேட்க வாயெடுத்தவள் அவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டிருக்கலாமே இந்த மனிதர்.

செத்தவீட்டன்று காலை வாய்க்கரிசிக்கு அரிசி கழுவினேன். பெட்டியை மூடுமுன் பெண்கள் சுற்றிவந்து செத்தவரின் வாயருகே போடுகிற அரிசி. கழுவிக்கொண்டு நிற்கும்போது குசினித் தொட்டிக்குக் கீழே, எண்ணெய்த் தகரத்துக்குப் பின்னால் அவருடைய போத்தல் தெரிந்தது. அந்த இடத்தை அதற்கு ஒதுக்கிக் கொடுத்ததும் நான்தான். அதை என் கையால் திறந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. மணம் எழும்பியது. நான் மூக்கைப் பொத்தவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு, அரிசி மூழ்கும்வரை விஸ்கியை ஊற்றி, சில்வர்ப் பெட்டியில் போட்டு இறுக்கி மூடினேன்.

எனக்கு ஒரே பயம் மச்சாளை நினைத்துத்தான். அவருடைய அக்கா. டொலார்-டே-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கிறா. வெள்ளி தவறாமல் கோயில், வாழ்நாள் முழுக்கச் சைவச் சாப்பாடு. தன் தம்பி ஒரு சொட்டும் தொடாதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவ. இவர் அங்கே போகுமுன் ஏலக்காய் சப்புவார்.

அந்த மண்டபத்தில் கற்பூரம் கொளுத்த விடவில்லை. பற்றரி விளக்குத்தான் வைத்திருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும் நான் அரிசிப் பெட்டியைத் திறந்தேன். புகை மணம் மண்டபமெல்லாம் பரவியது. வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மண்டபத்து ஊழியர் ஒருவர் உள்ளே வந்து கூரையைப் பார்த்தார், விளக்கைக் கிட்டப் போய்ப் பார்த்தார், எங்கே எரிகிறதென்று தேடினார். ஒன்றையும் காணாமல் திரும்பிப் போனார். ஐயருக்கு விளங்கிவிட்டது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த காரியத்தைத் தொடங்கினார்.

மச்சாள் அரிசியை அள்ளினா. கை நடுவழியில் நின்றது. அதை மெல்ல மூக்கருகே கொண்டு போனா. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி மணக்கிறான்" என்றா.

பிறகு, "ஏலக்காயைச் சப்பிப்போட்டு வருவான், எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு" என்று சொல்லிக்கொண்டே உடைந்து அழுதா. கையிலிருந்த அரிசி நிலத்தில் கொட்டிவிட்டது. திரும்பி வந்து இன்னொரு பிடி அள்ளிப் போட்டா.

கடைசியாக நான் போட்டேன். அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "இவ்வளவுதானப்பா என்னால ஏலும்" என்றேன்.

பட்டனை மகளே அமத்தினாள். வெளியே வந்து கார்கள் நின்ற இடத்திலிருந்து மேலே பார்த்தேன். புகைக்குழாய் தெரிந்தது. வானம் வெறுமையாக, நல்ல நீலமாக இருந்தது. கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

செத்தவீட்டால் வந்தால் தலை முழுகிவிட்டுத்தான் எதையும் தொடலாம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. "நீ முதல் போ, பிள்ளை" என்றா மச்சாள் என்னிடம். காலமையிலிருந்து கால் உளைகிறது, மற்றவர்கள் போகட்டும் என்று சொல்லிக் கதவடியில் ஒரு கதிரையில் இருந்தேன். அரிசி அள்ளிய வலது கையை மடித்து மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து ஒருவரும் கிட்ட வரவில்லை. மச்சாள் முழுகினா, மகள் முழுகினாள், வந்தவர்கள் ஒவ்வொருவராக முழுகிவிட்டு வந்தார்கள். கடைசியில் சுடுதண்ணீர் முடிந்துபோயிற்று.

"அம்மா, இனி நீங்கள்தான்" என்றாள் மகள்.

கதவைப் பூட்டிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரைத் திறந்தேன். இடது கையால் தலையைத் தேய்த்து, வலது கையைத் திரைக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு முழுகினேன்.